பிடியரிசி கொடுத்த தெருவும் பூட்டிய கேட்டும்: வசதி ஏறினால் மனம் மரத்துப்போகுமா?

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்), டிசம்பர் 15, 2024, இரவு 9.20

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த சில நாட்களுக்குள் தென்பெண்ணை ஆறு ஊருக்குள் புகுந்ததை இந்த இணையக் குழுவில் எல்லோரும் பார்த்தீர்கள். எங்கள் தெருவில் ஆறு பேர் சேர்ந்து நாணமேடு, கண்டக்காடு பக்கத்துக் குடும்பங்களுக்காக வீடு வீடாக அரிசி, பாய், போர்வை வாங்கினோம். 31 வருடம் வங்கியில் காசாளராக இருந்தவன் என்பதால் நோட்டு என் கைக்கு வந்தது. யார் என்ன கொடுத்தார்கள் என்று வீட்டு எண் போட்டு எழுதினேன். எழுதி முடித்த பிறகு அந்த நோட்டு என்னைத் தூங்கவிடவில்லை.

ரயில் பாதையை ஒட்டிய ஓட்டு வீடுகள் 42. சுமை தூக்குகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள், மீன் கூடை சுமக்கிறவர்கள். 38 வீடுகளில் ஏதோ ஒன்று கொடுத்தார்கள். ஓர் அம்மாள் வீட்டில் தரை இன்னும் காயவில்லை, சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரக்கோடு. அரைப்படி ரேஷன் அரிசியை முறத்தில் கொட்டி, கல் பொறுக்கி, புடைத்த பிறகுதான் பையில் போட்டார். “வாங்குகிறவர்கள் வீட்டில் முறம் மிஞ்சியிருக்குமோ என்னவோ” என்றார்.

அதே தெரு முடிகிற இடத்தில் மதில் கட்டிய குடியிருப்பு. 24 வீடுகள். காவலாளி சங்கத்தில் அனுமதி கேட்டுவரச் சொன்னார். கேட்டுக்கொண்டு போனதில் 8 வீட்டில் பேச முடிந்தது, 3 வீட்டில் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கதவுச் சங்கிலியை எடுக்காமலே “ஏற்கனவே கொடுத்துவிட்டோம்” என்று சொல்லி மூடினார்கள்.

என் மகள் சில ஆய்வுகளை அனுப்பினாள். கலிபோர்னியாவில் பால் பிஃப், டேக்கர் கெல்ட்னர் குழுவினர் 2010இல் வெளியிட்டது ஒன்று. பத்துப் படி ஏணியின் படத்தைக் காட்டி, வருமானம், படிப்பு, வேலை மூன்றையும் வைத்துப் பார்த்தால் நீ எந்தப் படியில் நிற்கிறாய் என்று கேட்கிறார்கள். பிறகு 10 புள்ளிகளைக் கொடுத்து, முகம் தெரியாத ஒருவருக்கு எவ்வளவு பங்கு தருவாய் என்கிறார்கள். புள்ளிகள் பின்னால் பணமாக மாறும். கீழ்ப்படியில் தன்னை நிறுத்திக்கொண்டவர்கள் அதிகம் கொடுத்தார்கள். 2012இல் ஜெனிஃபர் ஸ்டெல்லர் குழுவினர் புற்றுநோய் வந்த குழந்தைகளைப் பற்றிய காணொளியைக் காட்டினார்கள். வசதி குறைந்தவர்களின் இதயத் துடிப்பு கூடுதலாகத் தணிந்தது. பிறர் துயரத்தில் மனம் ஊன்றும்போது உடம்பு அப்படி அடங்குமாம்.

என்னை உலுக்கியது 2015இல் மைக்கேல் வார்னம் குழு செய்தது. தலையில் மின்முனைகள் பொருத்தி, வலியில் சுளித்த முகங்களைப் பார்க்கும்போது மூளை எப்படி அசைகிறது என்று அளந்தார்கள். வசதியான குடும்பத்தாரின் மூளையில் அசைவு குறைவு. ஆனால் “நீ இரக்கமுள்ளவனா” என்று தாளில் கேட்டபோது தங்களைப் பற்றி உயர்வாகச் சொன்னவர்கள் அவர்களே.

என் கேள்வி இதுதான். பணம் வந்தால் மூளை மரத்துப்போகிறதா? மரத்துப்போனது அவர்களுக்கே தெரியாமல் போகிறதா?

முத்தியால்பேட்டை மாணவி, டிசம்பர் 15, இரவு 11.05

வணக்கம் ஐயா. நான் உளவியல் ஆய்வு மாணவி. உங்கள் நோட்டை மதிக்கிறேன். ஆனால் அதிலிருந்து மூளைக்கு ஒரே தாவலில் போய்விட்டீர்கள், நடுவில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன.

முதலாவது, பிறர் வலியைப் பார்க்கும்போது மூளையில் நடப்பது என்ன என்பது. 2004இல் லண்டனில் டானியா சிங்கர் 16 ஜோடிகளை அழைத்தார். பெண்ணை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, சில நேரம் அவள் கையில் மின்சாரம் வைத்தார்கள், சில நேரம் அருகில் உட்கார்ந்திருந்த அவள் துணைவர் கையில். இரண்டு தடவையும் ‘முன் இன்சுலா’ என்ற மடிப்பும் ‘முன் சிங்குலேட்’ என்ற பகுதியும் விழித்துக்கொண்டன. ஆனால் வலி கையில் எந்த இடத்தில், எவ்வளவு என்று பதிவு செய்யும் பகுதி, அவளுக்கே வலித்தபோது மட்டும்தான் வேலை செய்தது. அதாவது நாம் பகிர்ந்துகொள்வது அடுத்தவர் வலியை அல்ல, அந்த வலியின் பதைப்பை. பதைப்பு வந்தவர்கள் எல்லோரும் கைநீட்டி உதவுவார்கள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. பதைப்புத் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களை ஒவ்வொரு விபத்திலும் பார்க்கிறோம்.

இரண்டாவது பள்ளம், ஏழைகள் அதிகம் கொடுக்கிறார்கள் என்ற முடிவே உறுதியானதா என்பது. நீங்கள் சொன்ன 2010 ஆய்வின் முதல் சோதனையில் 115 பேர். 2015இல் கோர்ன்டோர்ஃபர், எக்லோஃப், ஷ்முக்ளே என்ற மூன்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் பல நாடுகளின் பெரிய கணக்கெடுப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். வசதியானவர்களே அதிகம் நன்கொடை கொடுத்தார்கள், தன்னார்வ வேலையும் கூடச் செய்தார்கள். வருமானத்தின் பங்காகக் கணக்கிட்டாலும் அப்படித்தான். 2020இல் வேறொரு குழு 2010 ஆய்வை இரண்டு முறை, முன்கூட்டியே திட்டத்தைப் பதிவு செய்துவிட்டு, திரும்பச் செய்தது. பழைய முடிவு வரவில்லை.

நம் மனத்துக்குப் பிடித்த முடிவு என்பதாலேயே அதை நிரூபணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது ஐயா. எனக்கும் அது பிடித்த முடிவுதான்.

நெய்தல்மகள் (கடலூர் கடற்கரை), டிசம்பர் 16, காலை 6.40

ஓட்டு வீட்டு அம்மாள் அரிசி புடைத்துக் கொடுத்ததைப் படித்துக் கண் கலங்கியது உண்மை. ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன், எங்களைப் பாராட்டாதீர்கள். ஏழைக்கு மனம் பெரியது என்று சொல்லிவிட்டால் அப்புறம் ஏழையாகவே இரு என்று சொல்வது சுலபமாகிவிடுகிறது.

எங்கள் வீட்டில் கொடுப்பதற்கு இரக்கம் என்று யாரும் பெயர் வைத்ததில்லை. முறை என்றுதான் சொல்வார்கள். என் அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். மீன் விற்ற காசில் யாருக்கு என்ன செய்முறை செய்தார் என்று பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு எழுதவைப்பார். மூன்று மொய் நோட்டு இன்னமும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இன்று உனக்கு நான், நாளை எனக்கு நீ. படகு என்றைக்குக் கவிழும், கட்டுமரம் என்றைக்குத் திரும்பாது என்று தெரியாத ஊரில் கைமாற்று கொடுக்கும் பக்கத்து வீடுதான் இன்சூரன்ஸ். அது இல்லாவிட்டால் தண்டல்காரர்தான். எனவே நாங்கள் கொடுக்கும் அரிசியில் அன்பும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை.

சுனாமி சமயத்தில் எனக்குப் பதினொரு வயது. லாரி லாரியாக வந்த நிவாரணத்தை ஊர்ப் பஞ்சாயத்து வாங்கித் தலைக்கட்டுக் கணக்கில் பங்கிட்டது. படகு போனவருக்கும் ஒரே பங்கு, தப்பித்தவருக்கும் ஒரே பங்கு. வெளியிலிருந்து வந்தவர்கள் எவ்வளவு நேர்மை என்று வியந்தார்கள். நேர்மைதான். ஆனால் தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். புருஷனை இழந்த என் அத்தைக்கு முழுப் பங்கு கிடையாது என்றார்கள். எங்கள் ஊரில் குடியிருந்தும் எங்கள் சாதி அல்லாத நான்கு குடும்பங்களுக்குப் பங்கே கிடையாது. ஊர்ப் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. பங்கு போட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். அதே கைகள்தான் மூன்று நாள் பிணங்களைத் தூக்கின. ஆனாலும் அவர்கள் நோட்டில் என் அத்தை இல்லை.

வார்டு விளக்கு, டிசம்பர் 16, பிற்பகல் 2.15

நான் புதுச்சேரியில் செவிலியர். 19 வருடப் பணி. மூளையில் அசைவு குறைவு என்றால் இரக்கம் குறைவு என்று கெடிலக்கரை ஐயா எழுதியதை என்னால் அப்படியே விட முடியவில்லை.

2007இல் தைவானில் யாவெய் செங் என்பவர் குழுவோடு ஓர் ஆய்வு செய்தார். அக்குபங்சர் ஊசி போடும் மருத்துவர்களையும் சாதாரண மக்களையும் ஸ்கேனில் வைத்து, உடம்பில் ஊசி குத்தும் காட்சிகளைக் காட்டினார்கள். சாதாரண மக்களுக்கு, மேலே தங்கை சொன்ன அதே இன்சுலா விழித்தது. மருத்துவர்களுக்கு விழிக்கவில்லை. உணர்ச்சியை அடக்கிச் சிந்திக்க உதவும் முன்மூளைப் பகுதிகள்தான் வேலை செய்தன. அவர்கள் கல்நெஞ்சக்காரர்களா? ஒவ்வோர் ஊசிக்கும் துடித்தால் ஊசி போட முடியாது.

வேலையில் சேர்ந்த முதல் வருடம் தீக்காய வார்டில் நான் தினமும் அழுதேன். என் அழுகையால் எந்த நோயாளிக்கும் கட்டு மாறவில்லை. மூத்த சிஸ்டர் ஒருவர் அழமாட்டார், ஆனால் இரவுப் பணியில் எல்லாக் கட்டிலையும் இரண்டு முறை சுற்றி வருவார். அந்த இரண்டும் வேறு வேறு என்பதைச் சிங்கரே பின்னால் சோதித்துப் பார்த்திருக்கிறார். அடுத்தவர் வலியைத் தன் வலியாக உணரப் பழக்கியபோது மக்களுக்கு மனவேதனை கூடியது. அடுத்தவர் நலமாக இருக்கட்டும் என்று பரிவு கொள்ளப் பழக்கியபோது மூளையின் வேறு பகுதிகள் வேலை செய்தன, வேதனையும் குறைந்தது. நமக்கு இரண்டுக்கும் சேர்த்து இரக்கம் என்ற ஒரே சொல் போதுமாக இருந்துவிட்டது. வார்டில் இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் வாழ்வதும் சாவதும் உண்டு.

இன்னொன்றும் சொல்கிறேன். பொது வார்டில் ஒரு கட்டிலுக்கு வந்த இட்லி நான்கு கட்டிலுக்குப் போகும். தனி அறைகளில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. தனி அறையில் இருப்பவர் கெட்டவர் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. பக்கத்து அறையில் இருப்பவர் சாப்பிட்டாரா என்று தெரிய அங்கே வழியே இல்லை. பொது வார்டில் சாப்பிடாதவர் முகம் கண்முன் இருக்கிறது.

மாடிவீடு, டிசம்பர் 16, இரவு 10.30

நானும் மதிலுக்குள் இருப்பவன். ஐயா வந்த அதே குடியிருப்பு அல்ல, ஆனால் அதே மாதிரி ஒன்று. இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருந்தேன்.

நான் பிறந்தது பண்ருட்டிப் பக்கம். எங்களுக்கு மூன்று ஏக்கர் முந்திரி, வரப்போரம் ஏழு பலா. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் எல்லாவற்றையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. முந்திரி நட்டுப் பலன் எடுக்க எத்தனை வருடம் ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் காலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாலைக்குள் ஊர் நடுவில் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினோம். யார் வீட்டு அரிசி என்று யாரும் கேட்கவில்லை. அப்போது எனக்கு 25 வயது, பத்துப் படி ஏணியில் கேட்டிருந்தால் முதல் படி என்றுதான் சொல்லியிருப்பேன்.

இன்று ஏழாவது, எட்டாவது என்று சொல்வேன். இந்த வெள்ளத்துக்கு அலைபேசியிலேயே ஒரு நிவாரண நிதிக்குப் பத்தாயிரம் ரூபாய் அனுப்பினேன். ஐயா என் கதவைத் தட்டியிருந்தால் ‘ஏற்கனவே கொடுத்துவிட்டோம்’ என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். அது பொய்யல்ல. ஆனால் கஞ்சி காய்ச்சிய அன்று என் உடம்பில் இருந்த பதைப்பு, பத்தாயிரம் அனுப்பியபோது இல்லை. ஒரு நிமிட வேலையாக இருந்தது. உடனே அலுவலக மின்னஞ்சலைத் திறந்துவிட்டேன்.

மூளை மரத்ததா என்று என்னால் சொல்ல முடியாது. எப்படி இது நடந்தது என்று மட்டும் சொல்ல முடியும். சைக்கிளில் போனபோது தெருவில் பத்துப் பேரோடு பேசினேன். பைக் வந்ததும் தலையை மட்டும் ஆட்டினேன். கார் வந்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். எங்கள் மதிலுக்குப் பின்னால் உள்ள தெருவின் பெயர் எனக்கு ஐந்து வருடமாகத் தெரியாது. நேற்றுதான் காவலாளி அண்ணனிடம் கேட்டேன். அவர் வீடே அந்தத் தெருவில்தான்.

கரும்புக்கொல்லை (நெல்லிக்குப்பம் அருகில்), டிசம்பர் 17, காலை 5.50

மாடிவீட்டுத் தம்பி எழுதியதைப் படித்த பிறகு எனக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நீங்கள் அமெரிக்கா, ஜெர்மனி என்று பேசுகிறீர்கள். நம் பக்கத்து விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களிலேயே கரும்பு விவசாயிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. 54 கிராமம், 464 விவசாயிகள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவ் நான்கு பேரும் 2013இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். அதே ஆளை வெட்டுக்கு முன்னால் ஒரு தடவை, வெட்டி முடித்துப் பணம் வந்த பின்னால் ஒரு தடவை புதிர் போடவைத்தார்கள். கைமுடையாக இருந்தபோது தடுமாறினார். பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார். ஆள் மாறவில்லை, மூளையும் மாறவில்லை. கவலை புத்தியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

அது புத்தியைப் பற்றிய ஆய்வு, ஈகையைப் பற்றியது அல்ல. ஆனால் என் அனுபவத்தில் இரண்டும் ஒரே தொட்டியில் இருக்கிற தண்ணீர். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வராமல் கரும்பு வயலில் காய்ந்துகொண்டு, நகை அடகில் இருக்கும் மாதத்தில் என் வாசலுக்கு யாராவது வந்தால் நான் உள்ளறையிலிருந்து வெளியே வருவதில்லை. மனைவியைவிட்டு இல்லை என்று சொல்லச் சொல்வேன். அதற்காக வெட்கப்பட்டிருக்கிறேன். பணம் கைக்கு வந்த வாரத்தில் கேட்காமலே கோயிலுக்கு ஒரு மூட்டை அரிசி போகும். கெடிலக்கரை ஐயா எந்த மாதத்தில் வந்தார் என்பதைப் பொறுத்து அவர் நோட்டில் நான் வள்ளலாகவும் இருப்பேன், கஞ்சனாகவும் இருப்பேன்.

வடலூர் இங்கிருந்து தூரமில்லை. 1867 மே 23 அன்று இராமலிங்க அடிகள் தருமசாலையில் ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது. பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலத்தை எழுதிக்கொடுத்து நின்ற இடம் அது. எனக்கு அதில் வியப்பாக இருப்பது இதுதான். கொடுக்கிறவனுக்கு இன்றைக்கு நெஞ்சு உருகியதா இல்லையா என்று அந்த அடுப்பு பார்ப்பதில்லை. உருகிய ஒரு நாளில் நிலத்தை எழுதிவைத்துவிட்டால், உருகாத நாளிலும் உலை கொதிக்கும். என்னைப் போல மாதத்துக்கு ஒரு மனம் உள்ளவனுக்கு அதுதான் வழி. அறுவடையில் முதல் மூட்டை அங்கே என்று என் அப்பா சொல்லிவைத்தார். கடன் கணக்குப் பார்ப்பதற்கு முன்னால் அது போய்விடும்.

முத்தியால்பேட்டை மாணவி, டிசம்பர் 17, காலை 9.30

கரும்புக்கொல்லை ஐயா சொன்னதை ஒட்டிய ஆய்வு ஒன்று நெதர்லாந்தில் நடந்திருக்கிறது. ஆண்ட்ரியோனி, நிகிஃபோராகிஸ், ஸ்டூப் மூவரும் செய்தது. வேறு விலாசம் எழுதிய கடித உறையை, தபால்காரர் தவறிப் போட்டதுபோலப் பணக்கார வீடுகளிலும் ஏழை வீடுகளிலும் போட்டார்கள். உள்ளே 5 அல்லது 20 யூரோ பணம் இருப்பது வெளியிலிருந்தே தெரியும். பேரனுக்குத் தாத்தா அனுப்பியதுபோன்ற கடிதம். பணக்கார வீடுகளிலிருந்து அதிக உறைகள் உரியவருக்குத் திரும்பிப் போயின. ஏழைகளுக்கு மனம் கெட்டது என்று அவர்கள் முடிவு கட்டவில்லை. கையில் காசு இல்லாத நெருக்கடியையும் காசின் தேவையையும் கழித்துவிட்டுப் பார்த்தால் இரு தரப்பும் ஒன்றுதான் என்றார்கள். கரும்புக்கொல்லை ஐயாவின் ‘எந்த மாதம்’ என்ற கேள்வி அங்கேயும் நின்றது.

பெரிய வாய்க்கால் (புதுச்சேரி), டிசம்பர் 17, இரவு 8.45

மூன்று நாளாகப் படித்துவருகிறேன். எல்லோரும் வர்க்கம் வர்க்கம் என்று எழுதுகிறீர்கள். நெய்தல்மகள் ஒருவர்தான் சாதி என்ற சொல்லை எழுதினார், அதையும் யாரும் கையில் எடுக்கவில்லை.

பத்துப் படி ஏணி அமெரிக்காவில் செய்த ஏணி. வருமானம், படிப்பு, வேலை. நம் ஊரில் ஒருவர் ஏழாவது படியில் நின்றாலும் அவர் வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடிக்காதவர்கள் மூன்றாவது படியில் இருக்கிறார்கள். புதுச்சேரியில் ஒரு வாய்க்கால் வெள்ளைக்காரர் நகரத்தையும் தமிழர் நகரத்தையும் பிரித்தது என்று சுற்றுலா வருகிறவர்களுக்கு எல்லோரும் காட்டுகிறார்கள். தமிழர் நகரத்துக்குள்ளேயே இருந்த வாய்க்கால்களுக்குப் பலகை வைக்கவில்லை.

2010இல் க்ரிட் ஹைன், சிங்கர் குழு சூரிச்சில் கால்பந்து ரசிகர்களை வைத்து ஆராய்ந்தது. தன் அணிக்காரர் வலியில் இருக்கும்போது முன் இன்சுலா அதிகம் விழித்தது, அப்படி விழித்த அளவுக்கு அந்த வலியில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளவும் முன்வந்தார்கள். எதிரணிக்காரர் என்றால் அவ்வளவு இல்லை. இது வெறும் பனியன் நிறம். பிறந்த நாள் முதல் சொல்லிக்கொடுத்த வேறுபாடு என்னவெல்லாம் செய்யும் என்று நீங்களே யோசியுங்கள்.

கெடிலக்கரை ஐயாவிடம் ஒரு நேரான கேள்வி. 42 ஓட்டு வீடு, 24 மாடி வீடு எழுதியிருக்கிறீர்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் காலனி இருக்கிறது. அங்கே அரிசி கேட்டுப் போனீர்களா?

கெடிலக்கரை, டிசம்பர் 18, அதிகாலை 4.10

போகவில்லை.

‘அவர்களே சிரமத்தில் இருப்பவர்கள், அவர்களிடம் போய்க் கேட்பதா’ என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். ஓட்டு வீட்டுக்காரர்களும் சிரமத்தில் இருப்பவர்கள்தான், அங்கே போனோம். எனவே நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம் முழு உண்மை அல்ல. மீதி உண்மையை இந்த வயதில் எழுத எனக்குக் கை நடுங்குகிறது. அங்கிருந்து வரும் அரிசியை எங்களில் ஓரிருவர் மூட்டையில் சேர்க்கச் சம்மதிப்பார்களா என்ற யோசனை எனக்கு இருந்தது. அதைக் கேட்டுச் சண்டை போடுவதைவிடப் போகாமல் இருப்பது எளிதாக இருந்தது.

அவர்களைப் பெறுகிறவர்களாக மட்டுமே பார்த்திருக்கிறேன், கொடுக்கிறவர்களாக என் நோட்டில் ஒரு வரி ஒதுக்கவில்லை.

வார்டு விளக்கு, டிசம்பர் 18, காலை 7.00

ஐயா, எழுதியதற்கு நன்றி. இப்போது போகலாம்.

பெரிய வாய்க்கால், டிசம்பர் 18, காலை 7.25

நானும் வருகிறேன். ஞாயிறு எனக்கு விடுமுறை. புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுவேன்.

கெடிலக்கரை, டிசம்பர் 23, இரவு 9.50

நேற்று நாங்கள் மூன்று பேர் போனோம். பெரிய வாய்க்கால் தோழர், நான், எங்கள் தெருவிலிருந்து இன்னொருவர். வர மறுத்தவர்கள் யார் என்பதை இங்கே எழுதமாட்டேன், அவர்களோடு நேரில் பேசிக்கொண்டிருக்கிறேன்.

காலனியில் எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். குடித்தோம். விஷயத்தைச் சொன்னதும் ஒரு பெரியவர் உள்ளே போய் ஒரு ரசீதுக் கட்டு கொண்டுவந்து காட்டினார். டிசம்பர் 4ஆம் தேதியே அவர்கள் வீட்டுக்கு நூறு ரூபாய் போட்டு, இரண்டு அண்டா சாம்பார் சாதம் கிளறி, லோடு ஆட்டோ பிடித்துக் கண்டக்காட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆட்டோ வாடகை, விறகு, கத்தரிக்காய் வரை கணக்கு இருக்கிறது. நாங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியது டிசம்பர் 6.

திரும்பும் வழியில் அந்த மதில் குடியிருப்புக்கும் போனேன். சங்கச் செயலாளர் 40 பாயும் போர்வைகளும் வேறொரு குழு வழியாக உச்சிமேட்டுக்கு அனுப்பிய விவரத்தைக் காட்டினார். சங்கிலியை எடுக்காத வீட்டில் இருப்பவர் தனியாக இருக்கும் எண்பது வயது அம்மாள். முகம் தெரியாத ஆறு ஆண்கள் வாசலில் நின்றால் யார் கதவைத் திறப்பார்கள்? அதே சமயம், அங்கே பேசியவர்களில் இரண்டு பேர் எதுவும் கொடுக்கவில்லை, கொடுக்கும் எண்ணமும் இல்லை என்று நேராகவே சொன்னார்கள். அதையும் எழுதிவிடுகிறேன்.

எனவே 42க்கு 38, 8க்கு 3 என்று நான் முதலில் போட்ட கணக்கைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு காசாளர் தன் பெட்டிக்கு வந்த பணத்தை மட்டும் எண்ணிவிட்டு ஊரில் இருக்கும் பணம் இவ்வளவுதான் என்று சொன்னதுபோல ஆகிவிட்டது. முறத்தில் அரிசி புடைத்த அம்மாள் செய்ததில் இதனால் ஒரு மணியும் குறையவில்லை.

பொங்கல் முடிந்ததும் ஒரு பொது நோட்டு வைக்கலாம் என்று நினைக்கிறோம். ஓட்டு வீடு, காலனி, மதில் குடியிருப்பு, கடற்கரை ஊர் எல்லாவற்றிலிருந்தும் ஒவ்வொருவர். அடுத்த புயலுக்கு முன்னால் எங்கே அண்டா இருக்கிறது, யாரிடம் படகு இருக்கிறது, யார் வீட்டு மாடியில் இருபது பேர் படுக்கலாம் என்று எழுதிவைக்க வேண்டும்.

மாடிவீடு, டிசம்பர் 23, இரவு 10.20

எங்கள் மொட்டை மாடியை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. சங்கத்தில் நான் பேசுகிறேன். மறுப்பார்கள் என்று தெரியும், இருந்தாலும் பேசுகிறேன்.

கரும்புக்கொல்லை, டிசம்பர் 24, காலை 5.30

அரிசி இரண்டு மூட்டை. வெட்டு முடிந்ததும் உடனே வந்து வாங்கிக்கொள்ளுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

நெய்தல்மகள், டிசம்பர் 24, காலை 6.15

கடற்கரை ஊருக்கு என் அத்தை வருகிறார். அவருக்கு இப்போது 63 வயது. எழுதத் தெரியாது, ஆனால் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வீடு விடாமல் சொல்வார், எழுத என் தங்கை கூட வருவாள். நோட்டில் முதல் பத்திக்குத் தலைக்கட்டு என்று தலைப்புப் போடாதீர்கள் ஐயா. ஆள் என்று போடுங்கள்.